கலைப்பித்தும் சபைவாழ்வும்

செவ்வாய்க்கிழமைச் சந்தையினால் பெயர் பெற்றதென்று பெரியோர் கூறும் செவ்வாய்ப்பேட்டை, சேலம் மாநகரின் வாணிகத்திற்கு நெடுங்காலமாக நிலைக்களமாய் விளங்கி வருகின்றது. தானியமும் வெல்லமும் மூட்டை மூட்டையாய் வந்திறங்கும் கடைவீதிகளும், வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளும் நெருங்கிய அவ்விடத்தில் நுணுகிய அறிவுக்கு என்றும் மதிப்புண்டு. ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் ஏந்தி, அதன் வகையும் ஈரமும் இன்னவெனச் சொல்லுகிறவரை அங்கே பித்தரென்று எவரும் ஏசுவதில்லை. கொலுசைக் குலுக்கி அதன் ஓசையினாலேயே பற்றவைப்பின் குறையைக் கண்டறிபவரை ஊரார் தேடிச் செல்வர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் கலந்தொலிக்கும் நகரில், தன் தொழிலை நன்கறிந்தவன் எந்த மொழியினனாயினும் அயலான் ஆகான்.

ஆனால் பிழைப்புக்கு உதவாத நுண்ணறிவு ஒன்றுண்டு. விளக்கொளியில் வந்து விழும் விட்டிற்பூச்சிகளின் சிறகுப் புள்ளிகளை எண்ணிக் குறித்துவைப்பவன். தேய்ந்துபோன செப்புக்காசின் எழுத்தை நாள் முழுதும் நோக்கியிருப்பவன். விடியுமுன் மாடியேறி வான்மீன்களின் நிலையைக் கணிப்பவன். கணினிக்கு நிரல் எழுதி, அது பிழையின்றி ஓடிய களிப்பில் உணவை மறப்பவன் - இவர்களை வீட்டாரும் அயலாரும் ஒரு புன்னகையோடு நோக்குவர். 'புத்தகப் புழு' என்பர். 'ஏதோ ஒரு பித்து' என்பர். அத்தகைய பித்துடைய ஒருவன் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையாயும் இருப்பானாயின், அவன் நிலை இன்னும் ஒரு படி தனித்ததாகின்றது. அந்நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை அயன்மை

ஆராதனை முடிந்தபின் வாலிபர் கூட்டத்தில் அவன் அமர்ந்திருக்கின்றான். மற்றையோர் பாடலைப்பற்றியும் விளையாட்டைப்பற்றியும் உறவினர் திருமணத்தைப்பற்றியும் உரையாடுவர். அவன் உள்ளமோ முந்தின இரவில் கண்ட ஒரு வான்மீனைப்பற்றிப் பேசத் துடிக்கும். அதனை வாய்விட்டுச் சொன்னால், 'இதனால் ஆத்துமாவுக்கு என்ன பயன்?' என்று ஒருவர் கேட்பார். கேட்பவர் தீயவர் அல்லர்; அவனிடத்து உண்மையான கவலையுடையவரே. எனினும் அவ்வினா அவன் நாவைக் கட்டிவிடும்.

பின்பு தன்னைப் போன்ற ஆர்வமுடையோர் கூடுமிடத்திற்கு அவன் செல்கின்றான். அங்கே பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன் வரவில்லையென்று கேட்கும்போது, ஆலயத்திற்குச் சென்றதாகச் சொல்ல அவனுக்குத் தயக்கம் உண்டாகின்றது. 'இவ்வளவு படித்தும் இதையா நம்புகிறாய்?' என்ற வினாவை அவன் அஞ்சுகின்றான். இவ்வாறு ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாய் நிற்பவன், நாளடைவில் ஒரு காலை எடுத்துவிடத் துணிகின்றான். சிலர் கலையை விட்டுவிடுவர். சிலர் சபையை விட்டுவிடுவர். வேறு சிலர் இரண்டையும் விடாமல், ஒன்றை மற்றொன்றினிடத்து மறைத்து வாழக் கற்றுக்கொள்வர். மூன்றுமே இழப்பு என்பது நம் கருத்து.

இந்நிலை நம் காலத்துக்கே உரிய புதுமையென்று நினைப்பது தவறு. முந்நூறு ஆண்டுகட்கு மேலாக இத்தமிழ்நாட்டிலேயே இதனை அனுபவித்தவர் பலர். அவருள் சிலர் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

தரங்கம்பாடிப் போதகர் இருவர்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அறியாதார் இலர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அச்சேற்றியவர் என்றே அவரை நாம் போற்றுகின்றோம். ஆனால் அவருக்கு மற்றொரு பித்தும் இருந்தது. தமிழரின் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708ஆம் ஆண்டிலேயே 119 தமிழ் நூல்களைக் குறித்து ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். பின்னர்த் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றையும், அவற்றை வணங்குவோரின் வழக்கங்களையும் கேட்டறிந்து, 1713இல் ஒரு பெருநூல் இயற்றி ஜெர்மனி நாட்டிலுள்ள ஹாலே நகரத்துத் தம் தலைவர்க்கு அனுப்பினார்.

அந்நூல் அச்சிடப்படவில்லை. அஞ்ஞானத்தை நீக்க அனுப்பப்பட்டவர் அஞ்ஞானக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது தலைவரான பிராங்கே ஐயரின் எண்ணம். தம் பணிக்கு அந்த அறிவு இன்றியமையாததென்று சீகன்பால்கு கருதினார்; அதனைத் தம் பணிக்கு இடையூறென்று அவரை அனுப்பியோர் கருதினர். 1719இல், 36ஆம் வயதில், அவர் மறைந்தார். நூல் 1867ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாயிற்று. எழுதிய ஆண்டுக்கும் அச்சான ஆண்டுக்கும் இடையே 154 ஆண்டுகள் கழிந்தன. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் வழிபாட்டை ஆராயப் புகுவோர் எவரும் அதனைப் புறக்கணிக்க இயலாது.

அதே தரங்கம்பாடிக்கு 1771இல் வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர். இவருக்கு மீனிலும் சங்கிலும் சிப்பியிலும் தீராத ஆர்வம். கடற்கரையில் வலைஞர் கொணர்ந்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் என்பவர்க்கு அனுப்பிவந்தார். பிளாக் யூத மரபினர். உலகத்து மீன்களையெல்லாம் வகைப்படுத்தி நூல் செய்தவர். கிறிஸ்தவப் போதகர் ஒருவரும் யூத மருத்துவர் ஒருவரும் மீன்களின் வாயிலாக உறவு பூண்டனர். 1793இல் பிளாக் ஒரு மீன்குலத்துக்கு ஜான் ஐயரின் பெயரையே இட்டு 'ஜானியஸ்' என்றார். அக்குலத்து மீன் ஒன்றுக்கு அவர் வழங்கிய பெயர் 'கருட்டா' என்பது. அது வேறன்று, நம் வலைஞர் வழங்கும் 'கருத்த கத்தலை' என்னும் பெயரின் முற்பகுதியே. போதகர் தம் ஆராய்ச்சியைத் தொடங்குமுன் வலைஞரிடம் பெயர் கேட்டார் என்பதற்கு அந்த லத்தீன் பெயரே இன்றளவும் சான்றாய் நிற்கின்றது.

ஆயினும் சபைத்தொண்டுக்கு உரிய பொழுதை இயற்கை நூலுக்குச் செலவிட்டாரென்று ஜான் ஐயர் காலத்தவர்மீது குறை கூறியோர் உண்டு. பின்வந்த மிஷன் சரித்திரக்காரர் சிலர், பக்தி தளர்ந்ததற்கு அடையாளமாகவே அவ்வார்வத்தைக் காட்டினர். அவரோ தம் இறுதிக் காலத்தில் ஏழைப் பிள்ளைகட்கு இலவசப் பள்ளிகள் பலவற்றை நிறுவி, 1813இல் தரங்கம்பாடியிலேயே உயிர் நீத்தார். மீனை நோக்கிய கண் பிள்ளைகளை நோக்க மறந்ததில்லை. அவருடைய தோழராய் 1776இல் வந்த ராட்லர் ஐயர், செடிகொடிகளை உலர்த்திச் சேர்த்துவைத்ததோடு, தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றும் தொகுத்தார். 1836இல் அவர் இறந்தபின்னும் அவ்வகராதியின் எஞ்சிய பகுதிகள் பிறரால் முடிக்கப்பட்டு வெளிவந்தன. இலையை வகைப்படுத்தும் பொறுமையும் சொல்லை வகைப்படுத்தும் பொறுமையும் வேறல்ல போலும்.

மாணாக்கர் ஒருவர்

இப்போதகரிடம் தரங்கம்பாடியில் சில காலம் பயின்ற தமிழ் மாணாக்கர் ஒருவர் உண்டு. அவரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). ஸ்வார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்ட இவர், பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியோடு இளமையில் பழகியவர். இவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, தமிழ்க் குறவஞ்சி மரபில் கிறிஸ்துவைப் பாடும் நூல். ஆனால் அதனைப் படிப்போர் எதிர்பாராத ஒன்று அதனுள் உண்டு. பூமி சூரியனைச் சுற்றி வருதலும், கோள்களின் ஒழுங்கும், உலகத்து நாடுகளின் வரிசையும் அதில் இடம் பெற்றுள்ளன. தாம் பள்ளியிற் கற்ற பூகோளத்தையும் வானநூலையும் அவர் பக்திப் பாட்டுக்குப் புறம்பாக வைக்கவில்லை. குறத்தி குறி சொல்லும் தமிழ் நூலில் கோப்பர்நிக்கஸின் வானம் புகுந்தது; இரண்டும் பிணங்கவில்லை.

சாஸ்திரியாரும் அயன்மையை அறிந்தவரே. கோயிலையும் குறிஞ்சி நிலத்தையும் பாடிவந்த குறவஞ்சியைப் பெத்லகேமுக்குக் கொண்டுசென்றமையால் ஒரு சாரார்க்கு அவர் புதியவர். தமிழிசையையும் தமிழ்ப்பாட்டையும் ஆலயத்தில் போற்றினமையால், பின்னாளில் வந்த இளைய போதகர்க்கு அவர் பழையவர். இப்பூசலில் அவர் பாட்டின் பக்கம் நின்றதை நாம் மெச்சுகின்றோம். அதே பூசலில், ஆலயத்தில் சாதி வேற்றுமை தொடரவேண்டுமென்றும் அவர் வாதாடினார். அதனை நாம் மெச்ச இயலாது, மறைக்கவும் கூடாது. வானத்தின் ஒழுங்கை அறிந்த ஒருவர் பந்தியின் ஒழுங்கில் பிழைபட்டார். கலையறிவு மிகுதலால் மனிதன் தானே நேர்மையுடையவனாகிவிடுவான் என்று எண்ணுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

நம் மலைமேல் இருவர்

தரங்கம்பாடியும் தஞ்சையும் நமக்குச் சேய்மையிலுள்ளன என்பார் உளராயின், செவ்வாய்ப்பேட்டை மாடிகளிலிருந்து வடகிழக்கே தலைநிமிர்ந்து நோக்குக. சேர்வராயன் மலை தெரியும். அதன்மேலுள்ள ஏற்காட்டில் தம் இறுதி நாட்களைக் கழித்து 1882இல் மறைந்தவர் பீட்டர் பெர்சிவல் ஐயர்.

இவர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்து பணியாற்றியபோது வேதாகமத்தைத் தமிழில் புதிதாய்ப் பெயர்க்க முற்பட்டார். அதற்குத் துணையாக இவர் தெரிந்துகொண்டவர் சபையார் எவருமல்லர். தம் பள்ளியிற் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த ஆறுமுக நாவலர். நாவலரோ சைவத்தில் உறுதியுடையவர். பின்னாளில் கிறிஸ்தவ மிஷன்களை எதிர்த்துச் சைவத்தை நிலைநிறுத்தியவர். இவ்விருவரும் கொள்கையில் வேறுபட்டும் தமிழில் ஒன்றுபட்டனர். மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டி, அவருடைய இசைவையும் பெற்றனர். 1850இல் அது வெளியாயிற்று. ஆயினும் சபைகள் அதனை நிலையான வேதாகமமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அறிஞர் பாராட்டியதைச் சபையார் தம் நாவுக்குரியதாகக் கொள்ளவில்லை. நெடுங்கால உழைப்பு இவ்வாறு ஒதுக்கப்படுதல் எளிதிற் பொறுக்கத்தக்கதன்று.

பெர்சிவல் ஐயர் தமிழை விட்டாரில்லை. பின்னர்ச் சென்னைக்கு வந்து, 1855இல் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயும் விளங்கினார். 1842இல் தாம் வெளியிட்ட பழமொழித் தொகுதியை மேன்மேலும் பெருக்கி, 1874இல் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகளோடு வெளியிட்டார். சந்தையிலும் அடுக்களையிலும் வயலிலும் மக்கள் வாயில் வழங்கும் சொற்களை ஒன்றொன்றாய்ப் பொறுக்கிச் சேர்த்த பணி அது. புலவர் நடை மிக்கதென்று விலக்கப்பட்ட நூலுக்கு உழைத்தவரே, எளியோர் மொழியின் பெருங்களஞ்சியத்தையும் நமக்கு விட்டுச்சென்றார்.

அவருடைய மருமகனார் இராபர்ட் புரூஸ் புட். பூமிநூல் துறையினராகிய இவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கண்டெடுத்த ஒரு கற்கருவி, இந்தியாவில் ஆதிமனிதர் வாழ்ந்த பழமையை உலகுக்கு அறிவித்தது. இவரும் பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியமர்ந்தார். தென்னாடு முழுதும் திரிந்து இவர் திரட்டிய பழம்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைகொடுத்து வாங்கிற்று. டார்வினுடைய நூல் 1859இல் வெளிவந்து, மனிதன் எவ்வளவு பழையவன் என்னும் வினா பல பக்தரின் உள்ளத்தைக் கலக்கிய காலம் அது. அக்காலத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த மாமனாரும், பழங்கற்களைப் பொறுக்கிய மருமகனும் ஒரே குடும்பத்தினராய் இருந்தனர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. கேள்விகள் பெரியவையாயினும் அவற்றை ஒரு கூரையின்கீழ் வைத்துப் பேச இயலும்.

தஞ்சைப் பண்டிதர்

இனி, போதகரல்லாத ஒரு தமிழ்க் கிறிஸ்தவரைக் காண்போம். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியராயிருந்தவர். சித்த மருத்துவம், பயிர்த்தொழில், புகைப்படக் கலை, அச்சுத்தொழில், இசை என அவர் கைவைக்காத துறை அரிது. தஞ்சையில் மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்கே வாரி வழங்கினார். 1912 முதல் தம் சொந்தச் செலவில் சங்கீத வித்துவான்களை அழைத்து மகாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மகாநாட்டுக்குத் தம் கொள்கையைப் பாடிக்காட்டும் பொருட்டுத் தம் புதல்வியரையும் உடனழைத்துச் சென்றார். 1917இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய 'கருணாமிர்த சாகரம்' என்னும் நூலை வெளியிட்டார்.

அவர் கொள்கை யாது? பண்டைத் தமிழர் பண்களே இன்றைய கர்நாடக இசைக்கு வேர் என்பதும், ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்னும் பெருவழக்குப் பொருந்தாது, 24 என்பதே பொருந்தும் என்பதும் ஆகும். வித்துவான்கள் பலர் இதனை ஏற்கவில்லை. பரம்பரையாக இசை பயின்ற குலத்திற் பிறவாதவர். சங்கீதம் கோயிலோடு பிணைந்திருந்த காலத்தில் கிறிஸ்தவர். எண்ணிக்கைக் கணக்கினால் நாதத்தை அளக்கப் புகுந்தவர். இம்மூன்றும் அவரைச் சபைக்கு வெளியே மட்டுமன்று, இசைச் சபைக்கும் வெளியே நிறுத்தவல்லவை. அவரோ வெளியே நின்று வருந்தவில்லை. தாமே ஒரு பந்தலிட்டு, உடன்பட்டாரையும் மறுத்தாரையும் ஒருங்கே அழைத்து விருந்தளித்து வாதாடச் செய்தார். ஆலயத்துக்கென்று கீர்த்தனங்களும் இயற்றினார். 1919இல் அவர் மறைந்தார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், அவர் நூலின் அருமையை அறிந்தோர் பலராயினர். அவருடைய சுருதிக் கணக்கை இன்றும் மறுப்போர் உண்டு. பழந்தமிழிசையை ஆராய்வோர் அவர் நூலைத் திறவாமல் செல்வதில்லை.

தோட்டம் கொடுத்த மடம்

மேலே கண்டோர் பெரும்பாலும் தம் கூட்டத்தாரின் ஐயத்துக்கிடையே உழைத்தவர். கூட்டத்தார் ஆதரித்தால் என்ன விளையும் என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்து அகுஸ்தீன் சபை மடத்தில் 1843இல் சேர்ந்த கிரெகோர் மெண்டல், ஆசிரியர்க்கான தேர்வில் இருமுறை தவறியவர். அவருடைய மடத்துத் தலைவர் நாப் என்பவர் அவரைப் பயனற்றவரென்று தள்ளிவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். மடத்துத் தோட்டத்தையும் கண்ணாடிப் பயிர்மனையையும் அவர் சோதனைக்கு விட்டுக்கொடுத்தார். 1856 முதல் 1863 வரை ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை மெண்டல் வளர்த்து எண்ணினார். 1865இல் தம் முடிவுகளைப் படித்து, அடுத்த ஆண்டு அச்சிட்டார். அறிவுலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவருடைய மடத்தார் அவரையே 1868இல் தம் தலைவராகத் தெரிந்துகொண்டனர். 1884இல் அவர் இறந்து, 1900ஆம் ஆண்டிலேயே உலகம் அவர் கண்ட மரபு விதியை உணர்ந்தது. அறிஞர்க்கு அயலாராயிருந்தவர் தம் மடத்தார்க்கு அயலாராகவில்லை. ஒரு பாத்தி நிலமும் சிறிது நம்பிக்கையும் அவர்க்குப் போதுமாயிருந்தன.

நாம் கற்பன

இவ்வரலாறுகளால் நாம் கற்கத்தக்கவை சில.

முதலாவது, தனிமை இருவகைப்படும் என்பதை அறிதல் வேண்டும். நம் மொழியைப் பிறர் அறியாமையால் வரும் தனிமை ஒன்று. பிறர் மொழியை நாம் இகழ்வதால் வரும் தனிமை மற்றொன்று. முன்னது குற்றமன்று. பின்னது நம்மால் விளைவது. அதனைக் கலைப்பற்று என்று பெயரிட்டு மறைத்தல் ஆகாது. ஜான் ஐயர் லத்தீன் அறிந்தவராயினும் வலைஞர் சொல்லைக் கேட்டார். நம் சபையிலுள்ள காய்கறிக் கடைக்காரரிடமும் பட்டறைத் தொழிலாளரிடமும் நாம் எதனையேனும் கேட்டதுண்டா? நம் பித்தைப்பற்றி எவரும் வினவவில்லையே என்று வருந்துமுன், பிறர் தொழிலைப்பற்றி நாம் வினவினோமா என்று எண்ணிப் பார்ப்பது தகும். கொலுசின் ஓசையில் குறையைக் கண்டறிபவர்க்கும், வான்மீனின் ஒளியில் மாற்றத்தைக் கண்டறிபவனுக்கும் பேசிக்கொள்ளப் பொருள் நிரம்ப உண்டு.

இரண்டாவது, ஒரு வீட்டை மற்றொரு வீட்டினிடத்து மறைக்கலாகாது. சாஸ்திரியார் தம் வானநூலைப் பாட்டிலே வைத்தார். பண்டிதர் தம் கீர்த்தனத்தையும் சுருதிக் கணக்கையும் ஒரே கையால் எழுதினார். மறைத்து வாழ்பவன் இரண்டிடத்தும் பாதி மனிதனாகவே இருக்கின்றான். பாதி மனிதனோடு எவரும் முழுநட்புக் கொள்ள இயலாது. ஞாயிறு காலையில் ஆலயத்திலிருந்தேன் என்று நண்பரிடம் எளிதாய்ச் சொல்லுதலும், நேற்றிரவு வான்மீன் பார்த்தேன் என்று மூப்பரிடம் எளிதாய்ச் சொல்லுதலும் வீரச்செயல்களல்ல. ஆயினும் இருமருங்கும் ஒருமுறை சொல்லிவிட்டால், சுமை பாதி இறங்கும்.

மூன்றாவது, தோழரைத் தேடும்போது மதில்களைக் கருதவேண்டுவதில்லை. போதகர்க்கு யூத மருத்துவரும், வேதாகம மொழிபெயர்ப்பாளர்க்குச் சைவப் பெரியாரும் துணையாயினர். அதனால் எவரும் தம் நம்பிக்கையை இழக்கவில்லை. ஒருவர் மற்றவரை ஏமாற்றவும் இல்லை. பொருளின்மீதுள்ள அன்பு உண்மையானதாயின், அதுவே நேர்மையான நட்புக்குக் கால்கோள்.

நான்காவது, அறிவு பெருமைக்குக் காரணமாகாது. சாஸ்திரியாரின் வரலாறு காட்டுவது இதுவே. நுணுகிய ஆர்வமுடையவன் தான் பிறரினும் உயர்ந்தவனென்று எண்ணத் தொடங்குவானாயின், அவனைச் சபை புறந்தள்ளவில்லை. அவனே சபையைப் புறந்தள்ளுகின்றான்.

ஐந்தாவது பாடம் மாணவர்க்கன்று. ஆசிரியர்க்கும் சபை மூப்பர்க்கும் பழைய மாணவர்க்கும் உரியது. 'ஆத்துமாவுக்கு என்ன பயன்?' என்னும் வினா தவறானதன்று. ஆனால் அதனைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். காத்திராமல் எழுந்துபோகிறவர் ஒரு பிள்ளையின் வாயை அடைத்து எழுந்துபோகின்றார். சீகன்பால்கின் நூல் 154 ஆண்டுகள் பொறுத்திருந்தது, ஏடு பொறுக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை அத்தனை காலம் பொறுத்திரான். ஓரிரண்டு ஆண்டுகளில் வேறிடம் போய்விடுவான். அவன் ஆர்வம் நமக்கு விளங்கவேண்டுமென்பதில்லை. ஆலயத்து நூலடுக்கில் ஒரு தட்டும், வாலிபர் கூட்டத்தில் கால்மணி நேரமும், பூச்சிப்பெட்டியைத் திறந்து காட்டினால் அருவருப்பின்றி நோக்கும் ஒரு முகமும் இருந்தால் போதும். நாப் என்னும் அந்த மடத்துத் தலைவர் கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவே.

பழந்தமிழ் வீடுகளுக்குத் திண்ணை உண்டு. அது முற்றிலும் வீடுமன்று; முற்றிலும் வீதியுமன்று. வழிப்போக்கன் இளைப்பாறுவதும், வீட்டுக்காரர் அவனிடம் ஊர்ச்செய்தி கேட்பதும், பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததும் அங்கேதான். இரண்டிடத்தும் அயலாராய்த் தம்மைக் கருதும் மாணவர், தாம் நிற்குமிடம் இருட்டு மூலையன்று, திண்ணையென்று கண்டுகொள்வாராக. சீகன்பால்கு முதல் பண்டிதர் வரை நாம் கண்டோர் அனைவரும் அங்கே அமர்ந்தவரே. அவர்கள் அங்கே அமர்ந்தமையால் உள்ளிருந்தோர் வீதியை அறிந்தனர். வீதியிலிருந்தோர் வீட்டை அறிந்தனர்.

மாணவ நண்பர்களே! உங்கள் பூச்சிப்பெட்டியையும் செப்புக்காசையும் நிரல் ஏட்டையும் ஒளிக்காதீர்கள். உங்கள் ஜெபத்தையும் ஒளிக்காதீர்கள். உங்களருகே மற்றொருவர் வந்தமரச் சிறிது இடம் விட்டு உட்காருங்கள்.